வேலியில்லாத வீட்டில் பிள்ளைகளோடு: ஹூட்ஸ்ப்ரூட் பக்கத்து வாழ்க்கை

கணவருக்குத் தென்னாப்பிரிக்காவில், ஹூட்ஸ்ப்ரூட் பக்கம் ஒரு தனியார் வனவிலங்குக் காப்பகத்தில் வேலை கிடைத்திருக்கிறது, வீடும் காட்டுக்குள்ளேயே தருகிறார்கள், ஆறு வயதிலும் மூன்று வயதிலும் பிள்ளைகள் இருக்கிறார்கள், அங்கே குடும்பம் நடத்த முடியுமா, ஒரு நாள் எப்படிப் போகும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

முடியும். நாங்கள் பிள்ளைகளை இங்கேதான் வளர்க்கிறோம். ஊரில் யாரிடம் பேசினாலும் முதல் கேள்வி சிங்கத்தைப் பற்றித்தான் வரும். சிங்கம் இருக்கிறது, இரவில் சத்தம் கேட்கும். ஆனால் வீட்டின் அன்றாடத்தைத் தீர்மானிப்பது தண்ணீர், வெயில், இருட்டு, இந்த மூன்றும்தான். இவற்றுக்கு ஏற்றபடி பழக்கங்களை மாற்றிக்கொண்ட குடும்பங்கள் இங்கே சந்தோஷமாக இருக்கின்றன. மாற்ற மனம் வராதவர்கள் ஒரே கோடையில் மூட்டை கட்டிவிடுகிறார்கள்.

வேலைக்குச் சம்மதம் சொல்லும் முன் ஒன்றை மட்டும் தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள்: வீடு எந்த மாதிரி நிலத்தில் இருக்கிறது? "காட்டு வீடு" என்று எல்லோரும் பொதுவாகச் சொல்லிவிடுவார்கள், ஆனால் வித்தியாசம் மிகப் பெரியது. ஹூட்ஸ்ப்ரூட் நகரை ஒட்டிச் சுற்றுவேலி போட்ட குடியிருப்புகள் இருக்கின்றன. அங்கே ஒட்டகச்சிவிங்கியும் வரிக்குதிரையும் இம்பாலா மானும் வாசலில் மேயும். சிங்கம், யானை, காட்டெருமை கிடையாது. பிள்ளைகள் சைக்கிள் ஓட்டுவார்கள். சிறுத்தைக்கு மட்டும் எந்த வேலியும் ஒரு பொருட்டில்லை, அது வந்து போகும். இரண்டாவது வகை, டிம்பவாட்டி, கிளாசெரி, உம்பாபாட் போன்ற காப்பகங்கள். இவற்றுக்கும் க்ரூகர் தேசியப் பூங்காவுக்கும் நடுவே இருந்த வேலியை 1993-இல் எடுத்துவிட்டார்கள். க்ரூகர் மட்டுமே ஏறக்குறைய 20,000 சதுர கிலோமீட்டர். அங்கே உள்ளதெல்லாம் உங்கள் சமையலறைப் பின்வாசல் வரை வரலாம் என்று பொருள். மூன்றாவது, தனி ஆள் சுற்றுவேலி போட்டு விலங்கு வளர்க்கும் பண்ணை. 1991-இல் வந்த சட்டத்தின்படி, போதிய வேலி போட்டுச் சான்றிதழும் வாங்கிவிட்டால் உள்ளே இருக்கும் விலங்குகள் நிலக்காரரின் சொத்து. வெளியே ஓடினாலும் உரிமை போகாது.

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் உங்களுடையது இரண்டாவது வகையாகத் தெரிகிறது. அப்படியானால் வீட்டைச் சுற்றி ஆள் உயரத்தில் ஓரிரு மின்கம்பி ஓடும். வந்த புதிதில் அதைப் பார்த்து நிம்மதி அடைவார்கள். அது யானைக்கு மட்டும் போட்டது. மரங்களையும் குழாய்களையும் காப்பாற்றும். சிங்கமும் கழுதைப்புலியும் அதன் அடியில் நடந்தே வந்துவிடும். தரையை ஒட்டிக் கம்பி போட்டால் அவற்றையும் தடுக்கலாமே என்று தோன்றும். தாழ்வான மின்கம்பியில் ஆமைதான் சாகிறது. மற்ற பிராணிகள் ஷாக் அடித்ததும் விலகி ஓடும். ஆமை ஓட்டுக்குள் தலையை இழுத்துக்கொண்டு அதே இடத்தில் உட்கார்ந்துவிடும், மின்சாரம் விட்டுவிட்டு அடித்துக்கொண்டே இருக்கும். எறும்புத்தின்னி கம்பியைச் சுற்றியே சுருண்டுகொள்ளும். அதைப் பார்த்தவர்களுக்குத் தாழ்கம்பி போட மனம் வராது.

இனி ஒரு நாள். டிசம்பரில் ஐந்து மணிக்கெல்லாம் விடிந்துவிடும். வெயில் 40 டிகிரியைத் தாண்டும் நாட்கள் சர்வசாதாரணம். அதனால் கடினமான வேலைகள் எல்லாம் காலை எட்டு மணிக்குள் முடிந்தாக வேண்டும். கதவைத் திறக்கும் முன் ஜன்னல் வழியாகப் பார்ப்பது இங்கே முகம் கழுவுவதற்கும் முந்திய பழக்கம். கூட்டத்தை விட்டுப் பிரிந்த கிழட்டுக் காட்டெருமைகளுக்கு வீட்டு நிழல் பிடிக்கும். சுவரோரம் படுத்து அசைபோட்டுக்கொண்டிருக்கும், வாசற்படியிலிருந்து கண்ணுக்கே தெரியாது. எனக்குச் சிங்கத்தைவிடப் பயம் அதனிடம்தான். பிள்ளைகளுக்கு நாங்கள் சொல்லிக்கொடுத்தது: திண்ணையில் நில், மூன்று பக்கமும் பார், காதைக் கொடு, பிறகு இறங்கு. உங்கள் மூன்று வயதுக் குழந்தை எப்போதும் பெரியவர் கைப்பிடியில்தான் இருக்க வேண்டும். வெளியே தனியாக விளையாடவிடும் பேச்சே இல்லை. ஆறு வயதுப் பிள்ளை ஒரு வருடத்தில் உங்களைவிட நன்றாகப் பழகிவிடும்.

பள்ளி ஹூட்ஸ்ப்ரூட் நகரத்தில். காப்பகத்துக்குள் மண்பாதை, மெதுவாகத்தான் ஓட்ட வேண்டும். யானைக் கூட்டம் பாதையில் நின்றால் இன்ஜினை அணைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான்; பள்ளியில் அதற்கு யாரும் கோபிப்பதில்லை. தார்ச்சாலைதான் உண்மையான ஆபத்து. இருட்டியபின் குடு மான் சாலையில் பாயும், காளை என்றால் 200 கிலோவுக்கு மேல் எடை. இந்தப் பக்கத்துக்காரர்கள் இரவுப் பயணத்தைத் தவிர்ப்பதற்குக் காரணம் அதுவும் சாலையில் அலையும் மாடுகளும்தான்.

சமையலறையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெரிய போராட்டம் அங்கேதான் நடக்கிறது. பபூன் என்ற பெரிய குரங்கும் வெர்வெட் என்ற சிறிய குரங்கும் உங்கள் வீட்டு நேரத்தை உங்களைவிடத் துல்லியமாகத் தெரிந்து வைத்திருக்கும். தள்ளுகதவைத் திறக்க பபூனுக்குத் தெரியும். பூட்டு போடாத நாளில் உள்ளே வந்து ரொட்டி, சர்க்கரை, முட்டை என்று வரிசையாகக் காலி செய்துவிட்டு, சுவரெல்லாம் அசிங்கம் செய்துவிட்டுப் போகும். ஜன்னலுக்குக் கம்பிவலை, பழங்கள் குளிர்சாதனப் பெட்டியில், குப்பை பூட்டிய இரும்புக் கூண்டில் என்று இருக்க வேண்டும். கூண்டு எதற்கென்றால் ஹனி பேட்ஜர் என்ற ஒன்று இரவில் வரும். நாய் அளவுகூட இல்லை, ஆனால் அது திறக்காத மூடி இல்லை. எவ்வளவு பாவமாகப் பார்த்தாலும் எந்தக் குரங்குக்கும் ஒரு வாழைப்பழம்கூடக் கொடுக்காதீர்கள். மனிதர் கையில் தின்று பழகிய பபூன் பயம் விட்டுப்போய்ப் பிள்ளைகள் கையிலிருந்து பிடுங்கும். கடைசியில் அதைச் சுட்டுக் கொல்ல வேண்டி வரும்.

தண்ணீர் போர்வெல்லில் இருந்து வருகிறது. உப்பு அதிகம், கெட்டிலின் அடியில் வெள்ளையாகப் படியும், தலைமுடி கரகரக்கும். போர்வெல்லில் இருந்து மோட்டாரால் ஏற்றி, ஜோஜோ டேங்க் என்று இங்கே எல்லோரும் சொல்லும் பச்சைப் பிளாஸ்டிக் தொட்டியில் நிரப்பி வைப்போம். மின்சாரம் நின்றால் தண்ணீரும் நின்றது. 2023-இல் நாடு முழுக்கச் சுழற்சி மின்வெட்டு உச்சத்தில் இருந்தபோது ஒரு நாளில் பத்து மணி நேரம்கூட மின்சாரம் இல்லாமல் இருந்திருக்கிறது. அதற்குப் பிறகு வசதி உள்ளவர்கள் சோலார் போட்டுக்கொண்டார்கள். உங்கள் வீட்டில் இருக்கிறதா என்று கட்டாயம் கேளுங்கள், இது ஆடம்பரமல்ல.

இந்தத் தண்ணீருக்கு இன்னொரு பங்குதாரர் யானை. ஒரு யானை நாளொன்றுக்கு 100 லிட்டருக்கு மேல் குடிக்கும், தேங்கிய குட்டையைவிடச் சுத்தமான தண்ணீர்தான் அதற்கு இஷ்டம். மண்ணுக்கடியில் குழாய் கசிந்தால் மோப்பம் பிடித்துத் தோண்டி எடுத்துவிடும். ஒரு வறட்சிக் காலத்தில் எங்கள் வீட்டுத் தொட்டியருகே ஒரு பெண் யானை வந்து நின்றது. காலின் முன்நுனியால் மண்ணை மெல்லத் தட்டித் தட்டிப் பார்த்தது. ஓரிடத்தில் நிறுத்திக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டி, துதிக்கை நுனியால் ஈர மண்ணைத் தொட்டு, அந்தக் கருப்புக் குழாயை நிதானமாக மேலே இழுத்தது. அதன் குட்டி முதலில் குடித்தது. எங்களுக்கு மூன்று நாள் குளியல் இல்லை, கோபமும் வரவில்லை. இப்போது குழாயை ஆழப் புதைத்து, தொட்டியைச் சுற்றிக் கூர்மையான கற்களைப் பரப்பி வைத்திருக்கிறோம். யானையின் பாதம் மென்மையானது, கூர்ங்கல்லின் மேல் நடக்க அதற்குப் பிடிக்காது. மாருலா மரங்களைச் சுற்றியும் இதே கல்தான் போடுகிறார்கள்.

2015-16 வறட்சியில் க்ரூகர் பக்கம் நீர்யானையும் காட்டெருமையும் நிறையச் செத்தன. அதற்கு நேர்மாறாக 2012 ஜனவரியில் ஹூட்ஸ்ப்ரூட்டையே வெள்ளம் சூழ்ந்தது. மழைக்காலத்தில் மண்பாதையும் ஓடைக் கடவும் மூழ்கினால் சில நாட்கள் வெளியே போக முடியாது. அரிசி, பருப்பு, மாவு, மருந்து, காஸ் எல்லாம் இரண்டு வாரத்துக்கு எப்போதும் கையிருப்பில் இருக்கட்டும்.

சாயங்காலம் வந்ததும் வீட்டில் எல்லோரும் சுறுசுறுப்பாகிவிடுவோம். ஜூனில் ஐந்தேகாலுக்கே சூரியன் மறைகிறது. அதற்கு முன் கொடியில் காயும் துணி, பொம்மை, மெத்தை, செருப்பு எல்லாம் உள்ளே வந்தாக வேண்டும். கழுதைப்புலி செருப்பையும் இறைச்சி சுட்ட கம்பித்தட்டையும் தூக்கிக்கொண்டு போகும். இதைக் கதை என்று நினைக்காதீர்கள். இருட்டியபின் வாசலில் இருந்து கார் வரை போவதென்றாலும் கையில் டார்ச், முதலில் வெளிச்சத்தைச் சுற்றிலும் ஓட்டிக் கண்கள் மின்னுகின்றனவா என்று பார்த்துவிட்டுத்தான் அடி எடுத்து வைப்போம். பிள்ளைகள் குளித்து, சாப்பிட்டு, எட்டு மணிக்குள் படுத்துவிடுவார்கள். நல்ல இரவில் சிங்கத்தின் கர்ஜனை எட்டு கிலோமீட்டர் வரை கேட்கும், அதனால் பக்கத்தில் கேட்பதெல்லாம் பக்கத்தில் இல்லை. முதல் வாரம் உங்களைத் தூக்கிவாரிப் போடப் போவது புஷ்பேபி. தேவாங்கின் உறவுக்காரப் பிராணி, மரத்தில் இருந்து கைக்குழந்தை வீறிடுவதுபோலவே கத்தும். என்னவென்று பார்க்கப் பதறி எழுந்து ஓடாதீர்கள்.

பாம்பு. இதில் உங்களுக்குப் பொய்யான ஆறுதல் சொல்ல விரும்பவில்லை. மூன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். பஃப் ஆடர் என்ற பருத்த விரியன், காலடி அதிர்ந்தாலும் நகராது, பாதையில் காய்ந்த இலையோடு இலையாகக் கிடக்கும். அதற்குத்தான் டார்ச்சும் மூடிய காலணியும். மொசாம்பிக் துப்பும் நாகம், இரவில் வீட்டுக்குள் நுழைந்து தூங்குபவரையும் கடிக்கும். கண்ணில் விஷத்தைத் துப்பினால் ஓடும் தண்ணீரில் கால் மணி நேரத்துக்குக் குறையாமல் கழுவிவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும். கருப்பு மாம்பா கூரையிடுக்கிலும் மரப்பொந்திலும் தங்கும். அதை நீங்களே அடிக்கப் போகாதீர்கள், பயிற்சி பெற்ற பாம்பு பிடிப்பவர்கள் இருக்கிறார்கள், அழைத்தால் வருவார்கள். இந்த மூன்றுக்கும் ஒரே விஷமுறிவு மருந்து வேலை செய்யும், பூம்ஸ்லாங் என்ற மரப்பாம்புக்கு மட்டும் தனி மருந்து. கதவடி இடைவெளியை ரப்பர் பட்டையால் அடையுங்கள், கட்டிலைச் சுவரில் இருந்து தள்ளிப் போடுங்கள், கொசுவலையை மெத்தைக்கடியில் நன்றாகச் செருகுங்கள்.

பாம்பு இருப்பதை முதலில் சொல்வது அணில். இங்கத்து மரஅணில் பாம்பைப் பார்த்துவிட்டால் வாலை வெட்டி வெட்டி ஆட்டிக்கொண்டு, ஒரே இடத்தைப் பார்த்தபடி விடாமல் கத்தும். அது தலை திருப்பியிருக்கும் திசையில் பார்த்தால் கிளையிலோ பாறையிடுக்கிலோ பாம்பு இருக்கும். இம்பாலா மூக்கால் சீறினால், வெர்வெட் குரங்குகள் குரைத்தால், கினிக்கோழிகள் கூட்டமாய் அலறினால் ஒவ்வொன்றுக்கும் அர்த்தம் உண்டு. எங்கள் பிள்ளைகள் படிக்கக் கற்றுக்கொள்ளும் முன்பே இதைக் கற்றுக்கொண்டார்கள். காலையில் திண்ணைக்கு முன்னால் உள்ள மணலைப் பார்த்து இரவில் யார் வந்து போனார்கள் என்று சொல்வார்கள்: நகக்குறி பதிந்திருந்தால் கழுதைப்புலி, பதியாமல் வட்டமாக இருந்தால் சிறுத்தை. புற ஊதா டார்ச் ஒன்று வாங்கிக் கொடுங்கள், அந்த வெளிச்சத்தில் தேள் பச்சையாக ஒளிரும். வால் தடித்து, முன்பக்க இடுக்கிகள் மெலிந்த தேள்தான் விஷம் கூடியது என்று ஆறு வயதுப் பிள்ளை உங்களுக்கே பாடம் நடத்தும்.

உடம்பு விஷயம் சுருக்கமாக. மலேரியாக் காலம் செப்டம்பரில் இருந்து மே வரை. வருடம் முழுக்கத் தடுப்பு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டு இங்கே யாரும் வாழ்வதில்லை. காய்ச்சல் என்றால் அன்றைக்கே ரத்தப் பரிசோதனை, அவ்வளவுதான் விதி, அதைத் தள்ளிப்போடவே கூடாது. உண்ணிக் காய்ச்சலும் உண்டு. கடித்த இடத்தில் கருப்புப் பொருக்கு கட்டும், மருந்துக்குக் கேட்கும். பிள்ளைகளைக் குளிப்பாட்டும்போது அக்குள், தொடையிடுக்கு, காதின் பின்புறம் தடவிப் பாருங்கள். சாதாரண வைத்தியத்துக்கு ஹூட்ஸ்ப்ரூட் போதும். பெரிய சிகிச்சை என்றால் ம்பொம்பேலா நகரம் வரை போக வேண்டும். நாய், பூனை வளர்க்கப் பெரும்பாலான காப்பகங்களில் அனுமதி இல்லை. வீட்டுப்பூனை காட்டுப்பூனையோடு கலந்துவிடுகிறது, அந்த இனமே அழியும் அபாயம் இருக்கிறது. நியாயமான தடைதான்.

சாப்பாட்டுக்குக் கவலைப்படாதீர்கள். 1860-இல் சென்னையில் இருந்து டர்பனுக்குக் கப்பலேறிய நம்மவர்களின் புண்ணியத்தில் இந்த நாட்டில் மசாலாவும் பருப்பும் தேடி அலைய வேண்டியதில்லை. கறிவேப்பிலைச் செடியும் காய்கறியும் கம்பிவலைக் கூண்டுக்குள்தான் வளரும், இல்லையென்றால் மான் மேய்ந்துவிடும், முள்ளம்பன்றி கிழங்கைத் தோண்டிவிடும். குளிர்காலத்தில் எல்லா வீட்டிலும் பில்டாங் தொங்கும். நம் உப்புக்கண்டத்தை வினிகரும் வறுத்துப் பொடித்த கொத்தமல்லியும் சேர்த்துப் போட்டால் அதுதான். முதல் மழைக்குப் பிறகு ஈசல், கோடையில் மசோன்ஜா என்கிற மொபானிப் புழு வறுவல் என்று அக்கம்பக்கத்தார் கொண்டுவந்து தருவார்கள். ஒரு வாய் சாப்பிட்டுப் பாருங்கள், மறுத்தால் வருத்தப்படுவார்கள். ஒரு சட்டம் மட்டும் நினைவில் இருக்கட்டும்: காட்டெருமைகளிடம் கோமாரி இருப்பதால் இந்தப் பகுதியில் இருந்து குளம்பு பிளந்த விலங்கின் பச்சை இறைச்சியை வெளியே கொண்டுபோகக் கட்டுப்பாடு உண்டு, சாலையில் சோதிப்பார்கள். காப்பக வாயிலிலும் காரின் பின்பெட்டியைத் திறந்து காட்டச் சொல்வார்கள். அது காண்டாமிருக வேட்டையால் வந்தது. 2014-இல் மட்டும் நாடு முழுவதும் 1,215 காண்டாமிருகங்களைக் கொன்றார்கள். வீட்டருகே காண்டாமிருகம் வந்தால் படம் எடுங்கள், இணையத்தில் போடாதீர்கள். படத்தோடு இடமும் போய்ச் சேர்ந்துவிடும்.

இன்னொன்று சொல்லியே ஆக வேண்டும். காப்பகத்தில் வேலை செய்பவர்களில் பெரும்பாலோர் எக்கார்ன்ஹூக், புஷ்பக்ரிட்ஜ் பக்கத்து ஊர்களில் இருந்து வருகிறவர்கள், சிட்சோங்காவும் செபெடியும் பேசுபவர்கள். வாரக்கணக்கில் இங்கே தங்கி வேலை செய்துவிட்டு விடுப்பில்தான் வீட்டுக்குப் போகிறார்கள். உங்கள் பிள்ளைகள் காட்டுக்குள் அப்பா அம்மாவோடு வளரும் அதே நேரத்தில், உங்கள் வீட்டு வேலைக்கு வரும் அம்மாவின் பிள்ளைகள் காப்பகத்தின் வெளிவேலிக்கு அந்தப் பக்கம் பாட்டியிடம் வளர்வார்கள். கறுப்பின மக்கள் நிலம் வாங்குவதைத் தடுத்த 1913 நிலச் சட்டமும் அதன்பின் வந்த வெளியேற்றங்களும் இந்த மண்ணை யார் யாரிடமிருந்தோ எடுத்தவை. க்ரூகரின் வடகோடியில் உள்ள பாஃபூரியில் 1969-இல் துரத்தப்பட்ட மகுலேக்கே மக்களுக்கு 1998-இல்தான் நிலம் திரும்பக் கிடைத்தது. யானை வேலியை உடைத்து வெளியே போனால் அழிவது அந்த ஊர்களின் சோளக்கொல்லை. இதைத் தெரிந்துகொண்டு வாருங்கள். காலையில் பார்த்ததும் "அவுஷெனி" என்று வணக்கம் சொல்லி, வீட்டில் எல்லோரும் நலமா என்று நின்று கேட்டுவிட்டுப் பிறகு வேலையைப் பேசுங்கள். அவசரமாக வேலையைச் சொல்லிவிட்டுப் போவது இங்கே மரியாதைக் குறைவு. காட்டைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பாதிக்கு மேல் அவர்கள் சொல்லித் தந்தது.

உங்களுக்குக் கஷ்டமாக இருக்கப் போவது தனிமை. கணவர் விடியலுக்கு முன் கிளம்பிவிடுவார், பக்கத்து வீடு நடந்து போகக்கூடிய தூரத்தில் இருந்தாலும் நடந்து போக முடியாது. அதனால் வீட்டுக்கென்று இரண்டாவது வண்டி வேண்டும், உங்களுக்கு ஓட்டவும் தெரிய வேண்டும். இவை இல்லாமல் வராதீர்கள் என்றே சொல்வேன். பள்ளிக்கு விடப் போகும் நாளில் இன்னொரு அம்மாவோடு ஒரு காபி, வாரத்தில் ஒரு முறை பிள்ளைகளின் நண்பர்கள் வீட்டில் தங்கல், இப்படி வெளித்தொடர்பை நீங்களாகவே உண்டாக்கிக்கொள்ள வேண்டும்.

வரும் மாதத்தை உங்களால் தேர்ந்தெடுக்க முடிந்தால் மே கடைசியில் வாருங்கள். குளிர் தொடங்கியிருக்கும், பாம்பும் கொசுவும் குறைந்திருக்கும், புல் படுத்து இலை உதிர்வதால் தூரம் வரை கண்ணுக்குத் தெரியும். அந்த நான்கைந்து மாதங்களில் பிள்ளைகளுக்குக் கதவுப் பழக்கமும் டார்ச் பழக்கமும் ஊறிவிடும், அக்டோபர் வெயிலும் நவம்பர் மழையும் வரும்போது நீங்கள் தயாராக இருப்பீர்கள். டிசம்பரில் வந்து இறங்கினால் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கற்றுக்கொள்ள வேண்டி வரும். ஜூலையில் காலைக் குளிர் பத்து டிகிரிக்குக் கீழே போகும், பிள்ளைகளுக்குக் கம்பளிச் சட்டை எடுத்து வர மறக்காதீர்கள்.